200 வாட்டில் நான் தொட்டது 72: கீக்வேப் ஈஜிஸ் லெஜண்ட் 2, கூடவே இசட் டேங்க்

போன பிப்ரவரியில் என் வேப், அதாவது நிகோட்டின் ஆவி இழுக்கும் மின்சிகரெட், லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. குழி என்றால் லிஃப்ட்டுக்குக் கீழே தரைமட்டத்தையும் தாண்டி ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் பள்ளம். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஊறி நிற்கும். எண்ணெயும் தூசியும் கலந்து சாம்பார் மாதிரி இருக்கும். கிழக்கு லண்டனில் லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. குனிந்தபோது மேல்சட்டைப் பையிலிருந்து வழுக்கிவிட்டது. 'தொப்' என்ற சத்தம் கேட்டதும், சரி, போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். ஏணி போட்டு இறங்கி எடுத்து, துடைத்து, முதல் வேலையாக இரண்டு பேட்டரியையும் கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே மாட்டியிருக்கும் டேங்கை, அதாவது ஜூஸ் என்கிற நிகோட்டின் திரவத்தை ஊற்றும் குப்பியை, கழற்றிக் கழுவிக் காயவைத்து, சாயங்காலம் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்தது.

ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்ததை அதுவரை நான் விளம்பரம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. மின்சார வேலையில் இருப்பதால் இந்தக் குறியீடு எனக்குப் பழக்கம்தான். ஆனால் அது கருவிக்கு மட்டும். தலையில் உட்கார்ந்திருக்கும் டேங்குக்கு அந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது. காற்றுப் போக ஓட்டை வைத்த பொருளில் தண்ணீர் போகத்தான் செய்யும். டேங்கின் கண்ணாடி அன்று உடையாமல் தப்பியது கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் புண்ணியம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தம் அடிக்காதவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம். நிகோட்டின் ஒட்டிக்கொண்டால் விடாது. இங்கிலாந்து அரசின் மருத்துவத் துறை சொல்வதும் இதுதான்: சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு, ஆனால் கெடுதலே இல்லை என்று இல்லை. நான் 19 வயதில் கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆரம்பித்து 41 வயது வரை நாளைக்குப் பதினைந்து சிகரெட் ஊதியவன். என் கணக்கு வேறு.

இதற்கு முன்னால் ஒன்று வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அடியில் காற்று ஓட்டை வைத்த டேங்க். ராத்திரி மேசையில் வைத்தால் காலையில் அதைச் சுற்றி ஒரு சின்னக் குளம். சட்டைப் பையில் இனிப்பு ஒழுகி எறும்பு வராததுதான் பாக்கி. லண்டனில் எறும்பு குறைவு என்பதால் தப்பித்தேன். அந்தத் தொல்லையில்தான் மேலே காற்று ஓட்டை வைத்த டேங்க் வேண்டும் என்று தேடி இதற்கு வந்தேன். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது அந்த 200 வாட் விஷயம்.

கருவி உச்சமாகத் தரக்கூடிய சக்தி அது. கடையில் எல்லாரும் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். பைக் வாங்கப் போன பையன் ஸ்பீடோமீட்டரில் கடைசி எண்ணைப் பார்ப்பது மாதிரி. நம் ஊர் வீட்டில் சுற்றும் சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். அந்த மின்சாரம் முழுவதையும் ஒரு சின்ன வலைக்கம்பியில் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 72 வாட் என்பது ஏறக்குறைய அதுதான். நான் வைத்திருப்பது அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் 80ஐத் தாண்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் என்ன ஆகிறது என்று பார்க்க. தொண்டையில் சூடு ஏறி இருமியதைத் தவிர வேறு பலன் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், இசட் டேங்குக்கு வரும் 0.2 ஓம் காயில் (ஜூஸைச் சூடாக்கும் கம்பிப் பாகம்) மேலேயே 70 முதல் 80 வாட் என்று பொறித்திருக்கிறது. காயிலைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஜூஸ். கம்பி சூடாகும்போது ஜூஸ் ஆவியாகும், பஞ்சு மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேல் வாட்டைக் கூட்டினால் கம்பி ஆவியாக்குவது ஜூஸை அல்ல, பஞ்சைக் கருக்குகிறது. மெத்தை எரிந்த நாற்றம் வரும். அந்த மாதிரி காய்ந்த இழுப்பில்தான் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் கூடுதலாக உண்டாகின்றன. நாக்கு அருவருத்துத் துப்பச் சொல்கிறதே, அதைக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, 200 வாட்டையும் தாங்குகிற காயில் ஒன்றைப் போட்டுவிட்டால்? அப்போது பேட்டரி கேட்கும். இதில் போடுவது 18650 பேட்டரி இரண்டு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், லேப்டாப்புக்குள் இருந்த அதே அளவு. இரண்டும் தொடராக இணைந்து 7.2 வோல்ட் தருகின்றன. நான் 72 வாட்டில் அழுத்தும்போது, உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், பேட்டரியிலிருந்து சுமார் 11 ஆம்பியர் போகிறது. நான் போட்டிருக்கும் சாம்சங் 25ஆர் 20 ஆம்பியர் வரை தாங்கும், நிம்மதியாக இருக்கிறது. அதே பேட்டரி பாதி தீர்ந்து 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது 200 வாட் கேட்டால்? 35 ஆம்பியர் வரை போகும். தர முடியாததைக் கேட்பது அது. மோலிசெல் பி26ஏ மாதிரி சில பேட்டரிகள் 35 ஆம்பியர் தாங்கும் என்று போட்டு வருகின்றன. ஆனால் அந்த விளிம்பில் ஓட்ட எனக்கு என்ன தலையெழுத்து? லிஃப்ட்டில் எட்டு ஆள் என்று எழுதியிருந்தால் அதன் கயிற்றை உண்மையில் அதற்குப் பல மடங்கு தாங்கும்படிதான் செய்திருப்பார்கள். எட்டு ஆளுக்கு எட்டு ஆள் தாங்கும் கயிற்றில் நான் ஏற மாட்டேன்.

அதனால் 200 வாட்டை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். 72இல் ஓடும்போது இந்தப் பெட்டி மூச்சு வாங்குவதில்லை, சூடேறுவதில்லை. அதன் திறனில் பாதிக்கும் கீழேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பயன் அதுதான்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான். 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இரண்டில் மொத்தம் 18 வாட்-மணி. 72 வாட் வெளியே போக 80 வாட் உள்ளே தேவை. பதிமூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கலாம். ஓர் இழுப்பு மூன்று வினாடி என்றால் 270. கருவி கடைசிச் சொட்டு வரை விடாது என்பதால் எனக்கு 230, 240 வருகிறது. ஒரு வேலை நாளுக்குப் போதும், ஓவர்டைம் பார்த்தால் போதாது.

பேட்டரி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் இந்தக் கருவியில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் பேட்டரி வராது, தனியாக வாங்க வேண்டும். ஒரு முறை இணையத்தில் மலிவாக 9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 ஜோடி வாங்கிவிட்டேன். நானே மின்சாரக்காரன், எனக்கே இந்தப் புத்தி. அந்த அளவு உருளைக்குள் அதில் பாதிகூட அடங்காது. வந்ததும் கையில் எடுத்தால் காற்றடைத்த மாதிரி கனமில்லாமல் இருந்தது. நல்ல 18650 ஒன்று 45 கிராம் இருக்கும். அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு நேராகப் பேட்டரி மறுசுழற்சித் தொட்டியில் போட்டேன். இப்போது பேட்டரியில் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: அ1, அ2, ஆ1, ஆ2. ஜோடியை மாற்றக் கூடாது. சேர்ந்தே சார்ஜ் ஆகி, சேர்ந்தே தீர்ந்து, சேர்ந்தே கிழடாக வேண்டும். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்தால் அந்தப் பேட்டரி அன்றோடு சரி, ஏனென்றால் உறைக்குக் கீழே உருளை முழுவதும் எதிர்முனை. சாவிக் கொத்தோடு பேண்ட் பையில் போட்டுக் காலைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லாம் இதை அறியாதவர்கள்தான். இரண்டு பவுண்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது. யூஎஸ்பி-சி துளை கருவியிலேயே இருந்தாலும் நான் வெளி சார்ஜரில்தான் போடுகிறேன்.

டேங்குக்கு வருவோம். காசு கொடுத்து வாங்கியதில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

மேலே காற்று நுழைகிறது, உள்சுவர் வழியாக இறங்கிக் காயிலின் அடியைத் தொட்டு மறுபடி ஏறி வருகிறது. ஓட்டை ஜூஸ் மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஒழுகுவதற்கு வழியே இல்லை. இரண்டு வருடத்தில் மேசையில் குளம் கட்டியதே இல்லை. அடியில் லேசான ஈரம் படியும், அது உள்ளே குளிர்ந்த ஆவி. வாரம் ஒருமுறை டிஷ்யூ காகிதத்தால் துடைத்தால் போதும். காற்று வளையத்தைத் திருகி அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். முழுவதும் திறந்தால் ஸ்ட்ரா இல்லாமல் இளநீர் குடிக்கிற மாதிரி தாராளமாக வரும். பாதிக்கும் சற்று மேலே வைத்தால்தான் ருசி தெரிகிறது.

இதைச் சிகரெட் மாதிரி இழுக்க முடியாது என்பதைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிகரெட்டை முதலில் வாயில் இழுத்து அப்புறம் உள்ளே விடுவோம். இது ஹூக்கா மாதிரி நேராக நெஞ்சுக்குப் போவது. ஆவி அவ்வளவு வருவதால் நிகோட்டின் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது மில்லிக்கு 3 மில்லிகிராம். பாட் என்கிற, சிகரெட் மாதிரி வாயில் இழுக்கும் சின்னக் கருவிகளில் போடும் 20 மில்லிகிராம் உப்பு வடிவ நிகோட்டினை இதில் ஊற்றினால் மூன்றாவது இழுப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவீர்கள். ஜூஸில் 70 பங்கு தாவரக் கிளிசரின், 30 பங்கு புரொப்பிலீன் கிளைகால் இருந்தால் பஞ்சுக்கும் தொண்டைக்கும் சரியாக இருக்கிறது.

காயில் பத்து, பன்னிரண்டு நாள் வருகிறது. இனிப்பு அதிகம் போட்ட ஜூஸ் என்றால் ஒரு வாரம்தான். சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி கம்பியில் படிந்து வெல்லப்பாகு கருகிய மாதிரி ஆகிவிடும். புதுக் காயில் மாற்றும்போது பஞ்சில் நான்கு சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். அப்புறம் 50 வாட்டில் ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும். இந்தப் பத்து நிமிடம் எனக்குப் பொறுக்காமல் முதல் பெட்டியில் இரண்டு காயிலை ஐந்து நிமிடத்தில் கொன்றேன். யாரையும் குறை சொல்ல முடியாது, சிகரெட் பழக்கத்தில் பற்றவைத்தவுடன் வர வேண்டும் என்ற அவசரம்.

வெப்பக் கட்டுப்பாடு என்றொரு வசதி மெனுவில் இருக்கிறது. சூடாகும்போது மின்தடை மாறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்ற கம்பிகளுக்குத்தான் அது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான காயில்கள் காந்தால் என்ற கலப்பு உலோகம். அதில் மின்தடை பெரிதாக அசைவதில்லை. நான் பயன்படுத்தவில்லை.

பிரிட்டனில் வாங்கினால் டேங்க் 2 மில்லிதான். 2016ஆம் ஆண்டின் சட்டம் அது: டேங்க் 2 மில்லி, நிகோட்டின் புட்டி 10 மில்லி, நிகோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. சின்னக் கருவிக்கு 2 மில்லி ஒரு நாள் வரும். இதற்கு? இரண்டு மணி நேரம். நாளைக்கு ஐந்து தடவை மூடியைத் திருகி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் "குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுற மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஆகவே பையில் எப்போதும் ஒரு புட்டி இருந்தாக வேண்டும். ஜூஸ் குடிப்பதில் இது யானை. வாங்கும் முன் இதைத்தான் யோசிக்க வேண்டும், வாட்டை அல்ல.

இங்கே எல்லாரும் செய்வது, 60 மில்லி புட்டியில் 50 மில்லி நிகோட்டின் இல்லாத ஜூஸ் வாங்கி, அதில் மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் கொண்ட 10 மில்லி புட்டி ஒன்றைக் கவிழ்ப்பது. குலுக்கினால் 3 மில்லிகிராம் கலவை. எனக்கு 12 பவுண்டு ஆகிறது, ஆறு நாள் வரும். மாதம் அறுபது, காயிலுக்கு இன்னொரு இருபது சொச்சம். முன்னால் சிகரெட்டுக்கு மாதம் 350க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இதுவரை சந்தோஷம். ஆனால் 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2 பவுண்டு 20 பென்ஸ் வரி என்று அறிவித்திருக்கிறார்கள். நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவுக்குத்தான் வரி, அதற்கு மேல் வாட் வேறு. இந்த வாட் விற்பனை வரி. 60 மில்லிக்கு 15 பவுண்டு 84 பென்ஸ் கூடுகிறது. மாதம் 80 பவுண்டு. சின்ன பாட் கருவியில் நாளைக்கு 2 மில்லி இழுப்பவருக்கும் பத்து மில்லி இழுக்கும் எனக்கும் நிகோட்டின் ஏறக்குறைய ஒன்றுதான், வரி மட்டும் ஐந்து மடங்கு. பெரிய கருவிகளின் காலத்தை முடிப்பது சட்டமாக இருக்காது, இந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

ருசி? மாம்பழம் என்று எழுதியதெல்லாம் மாசா. ரோஜா ஒன்று அகப்பட்டது. முதல் இழுப்பிலேயே திண்டுக்கல் பன்னீர் சோடா ஞாபகம் வந்தது, இரண்டு மாதம் அதையே வாங்கினேன். கடலைமிட்டாய் ருசியில் எவனும் செய்யவில்லை. செய்தால் சொல்லுங்கள்.

கனம் கால் கிலோவைத் தாண்டும். மேல்சட்டைப் பையில் ஒரு பக்கம் இழுக்கும், பேண்ட் பையில் உட்கார முடியாது. ரப்பரும் தோல் மாதிரி முதுகும் கையில் நன்றாகப் பிடிபடுகிறது. கையுறையோடும் பொத்தான் அகப்படுகிறது. பூட்டும் சின்னத் தள்ளுவான் பையில் தானாக அழுந்தாமல் காக்கிறது. என் மாதிரி வேலைக்கு இது சரி. அலுவலகத்தில் உட்காருபவருக்கு இது டார்ச் லைட்டை மேசையில் வைத்த மாதிரி இருக்கும். ஆவியும் அவ்வளவு. மனைவி வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை: "கொழுக்கட்டை அவிக்கிறதுன்னா அடுப்படியில போய் அவிங்க." ஒரு தடவை ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில், யாரும் இல்லையே என்று இரண்டு இழு இழுத்தேன். ஒளியை வைத்துப் புகை கண்டுபிடிக்கும் சென்சாருக்கு ஆவியும் புகையும் ஒன்றுதான். ஆறு மாடி ஆட்களும் படியிறங்கித் தெருவில் நின்றார்கள். லிஃப்ட் வேறு தானாகத் தரைத்தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்து நின்றுவிட்டது. தீயணைப்பு விதிப்படி அது சரியாக வேலை செய்தது என்று அறிக்கையில் எழுதினேன்.

மைத்துனன் இல்ஃபோர்டில் இருக்கிறான். 2025 ஜூன் 1இல் தூக்கியெறியும் வேப்புகளைத் தடை செய்ததும் வந்து நின்றான். "அத்தான், உங்களது மாதிரியே ஒண்ணு வாங்கிக் கொடுங்க." கையில் கொடுத்து ஒரு இழு இழுக்கச் சொன்னேன். இருமி, கண்ணில் தண்ணீர் விட்டு, "இது என்ன அத்தான், ரயில் எஞ்சின்?" என்றான். "மாப்ளே, உனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி, நிரப்பிப் பயன்படுத்தும் சின்ன பாட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சிகரெட்டைக் கைவிட முதல்முறையாக ஒரு கருவி தேடுபவர்கள் எல்லாருக்கும் என் பதில் அதுதான். இரண்டு வருடம் அதில் ஓட்டி, நிகோட்டினைக் குறைத்து, ஆனாலும் நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும் என்று இருப்பவருக்குத்தான் இந்த லெஜண்ட்.

ஊருக்குப் போகும்போது இது வராது. இந்தியாவில் 2019 முதல் தடை. தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய எதற்கும் அனுமதியில்லை, முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் இறங்கி மாறுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை, அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். போன பங்குனித் திருவிழாவுக்குப் போனபோது பேட்டரியைக் கழற்றி டப்பாவில் போட்டு, டேங்கை அப்படியே மேசை டிராயரில் வைத்துவிட்டு, நிகோட்டின் சூயிங் கம்மோடு பத்தொன்பது நாள் ஓட்டினேன். தேர் வடம் பிடித்த அன்று மட்டும் பழைய நண்பன் நீட்டிய சிகரெட்டைக் கையில் வாங்கிவிட்டு, நாற்றம் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்குக் கோபம்.

திரும்பி வந்து டிராயரைத் திறந்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜூஸ் மட்டும் டீ மாதிரி பழுப்பேறியிருந்தது. நிகோட்டின் காற்றுப் பட்டால் அப்படித்தான் ஆகும். கொட்டிக் கழுவிப் புதுக் காயில் போட்டு நிரப்பினேன். விமானத்தில் தூக்கம் இல்லை, கை துறுதுறுத்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.